பின்சீட்டுக்காரி வைத்த தேர்வு

என் பக்கத்து வீட்டு ஃபெம்மி உலகத்தை மூன்று தடவை சைக்கிளில் சுற்றி வந்தவள். எங்கள் ஹாட்டம் ஊரில் இப்படி இன்னொருத்தி கிடையாது. சரி, மூன்று தடவை என்பது நான் ஏற்றிச் சொன்னது. அவள் சைக்கிளில் போன இருபத்தேழு கோடைகளையும் கூட்டிப் பார்த்தால் ஒரு சுற்றுக்கே கொஞ்சம் குறையும். ஆனால் இனிச் சொல்வதில் ஏற்றம் இல்லை. அவ்வளவு தூரம் போனவள் பார்த்ததெல்லாம் ஒரே காட்சிதான்: அவள் புருஷன் ரூலோஃபின் முதுகு.

எல்லாம் அந்தப் பச்சை இரட்டை சைக்கிளால் வந்தது. முன்சீட்டு அவனுக்கு, பின்சீட்டு அவளுக்கு. பின்னாலும் ஒரு ஹேண்டில்பார் உண்டு. ஆனால் அது பிடித்துக்கொள்ளத்தான், திரும்பாது. பிரேக்கும் மணியும் முன்னால். பின்னால் இருக்கிறவளுக்கு மிதிப்பது ஒன்றுதான் வேலை. மிதிக்காமல் இருக்கலாமா என்றால் அதுவும் முடியாது. அவன் கால் சுற்றினால் சங்கிலி இவள் காலையும் இழுத்துச் சுற்றிவிடும்.

ஒரு வருஷம் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் போய்விட்டு வந்தார்கள். "மலையெல்லாம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "நீலக் கட்டம் போட்டிருந்தது" என்றாள். அவன் அந்த வருஷம் வாங்கிய சட்டை.

ரூலோஃப் முப்பத்தொரு வருஷம் கார் ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்தவன். கையில் அட்டையும் பேனாவுமாகப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, "தோளுக்கு மேல திரும்பிப் பார்க்கலை. தோல்வி" என்று சொல்லியே பாதி ஊரை அழவைத்திருக்கிறான். ஃபெம்மியும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தேர்வுக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டபோதெல்லாம், "இன்னும் நீ தயாராகல" என்றான். நாலு வருஷம் கேட்டுவிட்டு விட்டுவிட்டாள்.

அவர்கள் வீட்டு நடையில் ஐரோப்பா வரைபடம் ஒன்று மாட்டியிருக்கிறது. போன வழியெல்லாம் குண்டூசி குத்தி சிவப்புக் கம்பளி நூல் ஓட்டியிருக்கிறான் ரூலோஃப். நூல் வியன்னா வரை வந்து நின்றிருந்தது. மிச்ச நூல் உருண்டையாகச் சுவரில் தொங்கியது. எழுபது வயது முடிகிற ஜூன் மாதம் வீட்டு வாசலிலிருந்தே கிளம்பி, டானூப் ஆற்றோடு கருங்கடல் வரை ஒரே மூச்சாகப் போய் அந்த நூலை முடிப்பது என்று அவன் தீர்மானித்திருந்தான்.

ஆனால் அவனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. பார்வைக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஃபெம்மிதான் பின்னால் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். எங்கள் சைக்கிள் பாதைகளில் சந்திப்புக்குச் சந்திப்பு ஒரு எண் பலகை உண்டு. அன்றைக்குப் போகவேண்டிய எண்களைக் காலையில் ஒரு தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும், வரைபடமே வேண்டாம். அந்தத் தாளை எப்போதும் அவன்தான் எழுதுவான். இரண்டு கோடைகளுக்கு முன்னால், "நீ எழுதேன், உன் கையெழுத்து அழகு" என்றான். அடுத்த கோடையில், "பின்னாடி சும்மாதானே வர்றே, பலகையைப் படிச்சுச் சொல்லு" என்றான். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவள் கையெழுத்தை அவன் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் அப்போதே புரிந்துகொண்டாள்.

ஏப்ரலில் ஒரு நாள் ஒத்திகை ஓட்டம் போனார்கள். கார் நுழையாமல் இருக்கப் பாதை நடுவில் குட்டைத் தூண் நட்டிருப்பார்களே, அதில் ஒன்றின் மேல் நேராக விட்டான். ஃபெம்மி கத்தினாள். மயிரிழையில் வண்டி விலகியது. வண்டியில் தொங்கிய வலது பக்கப் பை மட்டும் கிழிந்தது.

"காத்து தள்ளிடுச்சு" என்றான் அவன்.

அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை.

அன்று சாயங்காலம் கிழிந்த பையைத் தைத்துக்கொண்டே வேலி ஓரத்தில் வந்து நின்றாள்.

"நேராச் சொல்லிடேன்" என்றேன்.

"உனக்கென்ன ஹெர்மினா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுச் சொல்லிடுவே. முப்பத்தொரு வருஷம் ஊரார் கண்ணைச் சோதிச்ச ஆளு. அவன்கிட்டப் போய் உனக்குக் கண்ணு தெரியலைன்னு நான் எப்படிச் சொல்றது?"

"அப்போ போகாதே."

"நான் வரலைன்னா தனி சைக்கிள்ல கிளம்பிடுவான். பின்னாடி நான் இருந்தா, தூண் வருதுன்னு கத்தவாவது ஆள் இருக்கும்."

"கத்துறதுக்கு ஒருத்தி, ஓட்டுறதுக்கு ஒருத்தன். நல்ல குடும்பம்."

அவள் சிரிக்கவில்லை. "இறங்கவும் முடியல, ஓட்டவும் முடியல" என்று பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "இப்படியே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலே."

ஜூனில் கிளம்பினார்கள். வழக்கம்போல உருளைக்கிழங்கு, காபித்தூள், வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் வீட்டிலிருந்தே. ஐரோப்பாவில் வேறெங்கும் உருளைக்கிழங்கு விளைவதில்லை என்பது ரூலோஃபின் எண்ணம். முதல் நாள் ஐசல் ஆற்றங்கரையோடு போய் ஒரு பண்ணையில் கூடாரம் போட்டார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் புல்தரை, ஒரு வால்நட் மரம், அதில் பழைய டயர் ஊஞ்சல். ஊஞ்சல் இருப்பது தெரியாமல் அவன் நெற்றியில் இடித்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் காலையில் தாளில் எண்களை எழுத உட்கார்ந்த ஃபெம்மி, பாதிக்கு மேல் தன் இஷ்டத்துக்கு எழுதினாள். எழுபத்தொன்று வரவேண்டிய இடத்தில் இருபத்தெட்டு. அங்கிருந்து வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வருகிற எண்கள். நாள் முழுக்கத் தூறல், சூரியனே தலைகாட்டவில்லை. "இருபத்தெட்டு, இடது பக்கம்" என்று அவள் சொல்வாள், அவன் இடது பக்கம் திருப்புவான். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக வண்டியைப் பின்சீட்டு ஓட்டியது. அதில் அவளுக்குத் துளிகூடச் சந்தோஷம் இல்லை. திருப்பத்துக்குத் திருப்பம், 'இதையாவது கண்டுபிடியேன், இதையாவது' என்று அந்த முதுகைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே வந்தாளாம்.

சாயங்காலம் அதே பண்ணைக்குப் பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தார்கள். ரப்பர் பூட்ஸோடு பண்ணைக்காரி ஓடி வந்தாள். "என்ன, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

ரூலோஃபின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஃபெம்மி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

"ஒரு கூடாரம், ரெண்டு பேர், இன்னைக்கு மட்டும்" என்றான் ரூலோஃப். பண்ணைக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போட்டுக்கோங்க" என்று போய்விட்டாள்.

"இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க குரலெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, கவனிச்சியா?" என்றான்.

ஃபெம்மி அவனை முந்தின நாள் கூடாரம் போட்ட அதே இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனாள். மண்டியிட்டு, மண்ணைக் கையால் தடவித் தடவி, கூடாரத்தின் நாலு முளைகளையும் அடித்தான். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "நேத்தைய இடத்தைவிட இது நல்ல இடம்" என்றான்.

மழை வலுத்தது. கூடாரத்துக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஒரே வாணலியிலிருந்து உருளைக்கிழங்கு சாப்பிட்டார்கள். அந்தக் கூடாரத்தில் ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்பவேண்டும். தப்பித்து ஓட இடம் கிடையாது. கேட்பதற்கு அதைவிட நல்ல இடமும் கிடையாது.

"ரூலோஃப், அந்த மரத்துல என்ன தொங்குது?"

"மரத்துல என்ன தொங்கும்? இலை."

"ஊஞ்சல் தொங்குது. நேத்து நீ நெத்தியில இடிச்சுக்கிட்ட அதே ஊஞ்சல்."

அவன் கிழங்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டே இருந்தான். "எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்றான்.

"ரெண்டு கோடையா."

"தெரிஞ்சும் ஏறி உக்காந்தே."

"இறங்குறதுக்கு எங்கே நிறுத்தினே?"

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு தன் பழைய தேர்வு அதிகாரிக் குரலில் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "தோல்வி."

மறுநாள் காலை முன்சீட்டை நாலு விரற்கடை இறக்கி ஃபெம்மி ஏறினாள். முதல் குட்டைத் தூண் வந்ததும் பழக்கமில்லாமல் நேராக அதன் மேலேயே விடப்பார்த்தாள். இந்தத் தடவை கிழிந்தது இடது பை. "இன்னும் நீ தயாராகல" என்றது பின்சீட்டு. "அப்போ நடந்து வா" என்றது முன்சீட்டு. பதினோரு வாரத்தில் கருங்கடலைத் தொட்டுவிட்டார்கள். நூல் முடிந்துவிட்டது, நானே போய்ப் பார்த்தேன்.

முன்னால் வந்ததும் அவளுக்கு விடுதலை என்றுதானே நினைப்பீர்கள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் முதல் நாளே முதுகுக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்துவிட்டது: "இப்போ என்ன தெரியுது?" கொக்கு என்றால், "எத்தனை? எந்தப் பக்கம் பார்த்து நிக்குது?" மேகம் என்றால், "எந்த மாதிரி மேகம்?" அத்தனை வருஷம் காலால் மட்டும் மிதித்தவள் இப்போது வாயாலும் மிதித்தாள்.

எழுதி முடித்துவிட்டு, நேற்றுக் காலை காபிக்கு வந்த இருவருக்கும் இதைப் படித்துக் காட்டினேன். ஃபெம்மி விழுந்து விழுந்து சிரித்தாள். ரூலோஃப் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"ஒரு இடம் தப்பு" என்றான்.

"எது, ஊஞ்சலா?"

"அந்தப் பண்ணையில நான் ஏமாந்துட்டதா எழுதியிருக்கே. முளை அடிக்க மண்ணைத் தடவினேனே, அங்கே ஓட்டை இருந்தது. காலையில நான் முளையைப் பிடுங்கின அதே ஓட்டை, நாலு மூலையிலயும். அதுலயேதான் திரும்ப அடிச்சேன்."

ஃபெம்மியின் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்போ ஏன் வாயைத் திறக்கல?"

"நானா இறங்க முடியல, ஃபெம்மி. நீ இறக்கிவிடுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன்."