வண்டி போனாலும் நிற்கும் கூடாரம்

என் மகனுக்கு வந்தது, உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழந்துபோகும் நோய். நாலாம் வகுப்பில் மாடிப்படி ஏற முடியாமல் நின்றான். பத்தாம் வகுப்புப் பரீட்சையைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எழுதினான். காலேஜ் போகிற வயதில் கைவிரல்களும் கழுத்தும் மட்டும்தான் அவன் சொன்னபடி கேட்டன. படுக்கும்போது மூக்கில் மாஸ்க்கை மாட்டி மூச்சு மெஷினை ஓடவிட வேண்டும்.

செல்லூரில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. இரண்டு பக்கமும் விசைத்தறி. காலையில் ஆரம்பிக்கிற சத்தம் விளக்கு வைத்த பிறகும் ஓயாது. ஆட்டோ உள்ளே வராது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மெயின்ரோட்டுக்குப் போவதற்குள் பைக்குகளையும் தறிக்குப் பாவு நூல் சுற்றிய உருளைகளையும் நகர்த்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். அதனால் ஆஸ்பத்திரிக்குத் தவிர அவனை வெளியே கொண்டுபோவது குறைந்துகொண்டே வந்தது. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் வெளிநாட்டுக்காரர்களின் வேன் பயணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, எல்லாம் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் தங்குகிறவர்கள்.

ஒரு நாள் கேட்டான்: "அப்பா, நம்ம இப்புடி ஒரு வண்டி செய்ய முடியாதா?"

பள்ளிக்கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய வேன் கிடைத்தது. ஒரு சீட்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழற்றி, பின்பக்கம் சாய்தளம் வைத்து, நாற்காலியைப் பூட்ட தரையில் கொக்கிகள் அடித்து, மெஷினுக்குத் தனி பேட்டரி வைத்தோம். மஞ்சள் நிறத்தை மறைத்து வெள்ளை அடித்தோம். கதவிடுக்கில் மட்டும் மஞ்சள் மிச்சமிருந்தது. சந்துக்குள் நுழையாததால் கண்மாய்க்கரை ரோட்டில் நிறுத்தினோம்.

அதற்குப் பிறகுதான் கூடாரப் பேச்சு வந்தது.

வேனின் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டுகிற கூடாரங்களில் இரண்டு வகை என்று விளக்கினான். ஒன்று, வண்டியோடு ஒட்டியே இருப்பது. வண்டியை நகர்த்தினால் அதைப் பிரித்தாக வேண்டும். இன்னொன்று தனியாகவே நிற்கும். வண்டிக்கும் அதற்கும் நடுவில் உள்ள துணியை மட்டும் அவிழ்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். திரும்பி வந்து மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். டிரைவ்அவே ஆனிங் என்று அதற்குப் பெயர்.

"என்னது, ஆணியா?" என்றாள் என் மனைவி.

"ஆனிங்மா. பந்தல்னு வச்சுக்கோயேன்."

"வண்டிதான் இருக்கே. அதுக்கு வெளிய எதுக்குப் பந்தலு?"

"வண்டிக்குள்ள இருந்தா வண்டிக்குள்ளதாம்மா இருப்பேன்."

நான் கேட்டேன், ஒட்டி நிற்கிற வகையே போதாதா, அது சுலபமாகத் தெரிகிறதே என்று. அவன் சொன்னான்: "ஒரு மாத்திர வாங்கணும்னாக்கூட என்னைய மறுபடி ஏத்திக் கட்டித்தானே கொண்டுபோவீக. இதுன்னா நீங்க மட்டும் போயிட்டு வரலாம். நான் அங்கனயே இருப்பேன்."

அவனைத் தூக்கி, நாற்காலியில் வைத்து, இடுப்புப்பட்டை மாட்டி, கழுத்துக்கு அண்டை கொடுத்து, வண்டியில் ஏற்றிப் பூட்டுவது எனக்கும் அவளுக்கும் பழகிய வேலை. அவனுக்கு அது எப்படி இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த சில வாரங்கள் வீட்டில் இதே பேச்சுத்தான். காற்றடித்து நிமிர்த்துகிற கூடாரங்கள் இருந்தன. பம்ப்பை அழுத்தினால் தானாக எழுந்துவிடும். எனக்கு அது பிடித்தது. "நம்ம ஊர்ல வேலிக்கருவ முள்ளு இல்லாத எடத்த எங்க தேடுவீக?" என்று கேட்டு அதைத் தள்ளிவிட்டான். கம்பி வைத்தவற்றில் பலவற்றுக்கு வாசலில் ஒரு சாண் உயரத்துக்குத் தடுப்பு இருந்தது, மழைத்தண்ணீர் வராமலிருக்க. நாற்காலிச் சக்கரம் அதில் இடிக்கும். தரையில் முளை அடித்து இழுத்துக் கட்டுவதும் சரிப்படாது. காய்ந்த கரிசலில் முளை இறங்காது, இறங்கினால் வெடிப்பில் ஆடும். அதற்குப் பதில் தண்ணீர் நிரப்பிய கேன்களைக் கால்களில் கட்டலாம் என்று அவனே ஒரு வழி சொன்னான். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அவை குளிர்நாட்டுக்கு என்று செய்தவை. நாலு பக்கமும் மூடிக்கொள்ளும். மதுரை வெயிலில் உள்ளே இட்லி அவிக்கலாம்.

என் மனைவிக்கு மூடியிருப்பதே நல்லது என்று தோன்றியது. "ஆளுக வந்து நின்னு பாப்பாக" என்றாள்.

"பாக்கட்டும்மா. நானும் பாப்பேன்ல."

பேச்சு நிறத்தில் வந்து நின்றது. அவனுக்கு நீலம் வேண்டும். அவள் முடியவே முடியாது என்றாள். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. வெயிலில் வெளுத்துப்போகும், அழுக்குத் தெரியும் என்று எதையோ சொன்னாள். இரண்டு நாள் இழுத்தது. கடைசியில் அவன் தூங்கிய பிறகு அடுப்படியில் என்னிடம் சொன்னாள்: "காலைல எந்திரிச்சதும் அவன் உதட்டத்தான் மொதல்ல பாக்குறேன். நீலம் பாஞ்சிருக்கான்னு. நீலத் துணிக்குள்ள உக்கார வச்சா எனக்கு எப்புடித் தெரியும்?"

மறுநாள் அவனிடம், சந்தன நிறத்தில்தான் வெயில் இறங்காதாம் என்று நான் சொன்னேன். அம்மா முகத்தைப் பார்த்தான். "சரி, சந்தனமே இருக்கட்டும்" என்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

வாங்குவதை விட்டுவிட்டு, தைக்கக் கொடுப்பதென்று முடிவானது. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற ஒரு கடைக்கு அவனையே கூட்டிக்கொண்டு போனோம். கடைக்காரர் ஷாமியானாவும் தைப்பவர். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "கல்யாணத்துக்கா, காரியத்துக்கா?"

"ரெண்டுக்கும் இல்லண்ணே. ஊர் சுத்துறதுக்கு" என்றான் என் மகன்.

அவர் தலை நிமிர்ந்தார். போனில் இருந்த படங்களை அவன் காட்டக் காட்ட, வேனின் கூரை விளிம்பு உயரத்தை நான் ஏணியில் ஏறி அளந்து சொன்னேன். மூன்று பக்கம் கொசுவலை, அதன்மேல் சுருட்டி இறக்குகிற திரை, இரண்டடுக்குக் கூரை, வாசலில் தடுப்பே கூடாது. எல்லாம் ஒத்துக்கொண்டார்.

தைத்துக் கொடுத்ததைக் கண்மாய்க்கரையில் கட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் நின்றது. அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"என்னப்பா?" என்றேன்.

"வானம் மட்டுந்தான் தெரியுது."

தைத்தவர் வலையை நின்றுகொண்டிருக்கிறவனின் கண் உயரத்தில் வைத்திருந்தார். உட்கார்ந்திருக்கிறவனுக்கு முன்னால் வெறும் துணி. மூவருமே அந்த ஒன்றை யோசிக்கவில்லை. அவிழ்த்து மறுபடி கடைக்குக் கொண்டுபோனோம். அவருக்குக் கையில் நிறைய வேலை இருந்தது. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

மழையோடு அவனுக்குச் சளி கட்டியது. நிமோனியா என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் வைத்துப் படுத்திருந்தான். பேச முடியாது. பார்க்கிற நேரத்தில் நான் குனிந்து, "வலைய கீழ எறக்கித் தச்சாச்சு" என்று சொன்னேன். இன்னும் தைக்கவில்லை. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான்.

பிழைத்து வந்தான். ஆனால் முன்னைப் போல இல்லை. பகலிலும் பாதி நேரம் மாஸ்க் வேண்டியிருந்தது. பேசினால் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினான். டாக்டரிடம் பயணம் போகலாமா என்று கேட்டதற்கு, போகக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. "கூட்டிட்டுப் போங்க. தள்ளிப்போடாதீங்க" என்றார். திரும்பி வரும்போது அவளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தை கழிந்ததும் போனோம். திருமங்கலத்தில் என் மைத்துனன் வீடு. அங்கே சாப்பிட்டுவிட்டு, அவனுடைய நிலம் இருக்கிற பக்கம் போனோம். அறுப்பு முடிந்த வயல், பக்கத்தில் பாதி வற்றிய கண்மாய். கேன்களில் தண்ணீர் நிரப்பிக் கட்டி, கூடாரத்தை நிமிர்த்தினோம். இந்தத் தடவை வலை மகன் கண்ணுக்கு நேரே இருந்தது. கொக்குகள் தெரிந்தன. அவன் அவற்றையே பார்த்துக்கொண்டே இருந்தான்.

மாஸ்க்கை மாட்டலாம் என்று பையைத் திறந்தால் அதைத் தலையோடு இறுக்குகிற பட்டையைக் காணோம். மைத்துனன் வீட்டில் கழற்றி வைத்தது அங்கேயே தங்கிவிட்டது. அவள் பதறிப்போனாள். "கெளம்பிருவோம், எல்லாத்தையும் அவுங்க" என்றாள்.

"எதுக்கு?" என்றான். "அப்பா போயிட்டு வரட்டும். மெஷினையும் பேட்டரியையும் எறக்கி வைங்க. மாஸ்க்க நீ கையில பிடிச்சுக்கம்மா."

இணைப்புத் துணியின் கொக்கிகளை அவிழ்த்தேன். "பதமா" என்றான். வண்டியை மெதுவாக நகர்த்தினேன். கூடாரம் அசையாமல் நின்றது. வீட்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர வேறோர் இடத்தில் அவனை விட்டுவிட்டு நான் போனது அதுதான் முதல் தடவை. வரப்பு ரோடு முழுக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

பட்டையை எடுத்துக்கொண்டு திரும்பியபோது கூடாரத்தைச் சுற்றி செம்மறிகள். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு ஓடினேன். கிட்டே போனால், வாசலில் ஒரு ஆள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்க வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டு, பக்கத்திலேயே ஓலைக்குடிசையில் தங்குகிறவர். என் மனைவி ஓரமாக நின்று மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் அதை விலக்கச் சொல்லிவிட்டுப் பேசினான்.

"காலு வராதா தம்பி?"

"வராதுண்ணே. கையும்தான்."

"ம்" என்றார் அவர். கூரையை அண்ணாந்து பார்த்தார். "இது எம்புட்டுக் காத்துத் தாங்கும்?"

"தெரியலண்ணே. இன்னிக்குத்தான் மொதவாட்டி. உங்க குடிசை தாங்குமா?"

"எங்குட்டு? போன மாசம் தூக்கிருச்சு. ஓலக்கூடுதான. கவுத்துப்போட்டுட்டு மேல படுத்துக்கிட்டேன்."

என் மகன் சிரித்தான். சிரித்தால் இருமல் வரும் என்று அடக்கிப் பழகியவன். இருமல் வந்தது, அதற்கும் மேல் சிரித்தான். அவர் பரிதாபப்படவில்லை, எழுந்து போகவும் இல்லை. இருமி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். நான் வந்ததைக் கண்டு அவன் சொன்னான்: "அப்பா, அண்ணனுக்கு டீ குடுங்க." அவனைப் பார்க்க வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் எங்கள் விருந்தாளிகள். இவர் ஒருத்தர்தான் அவனுடைய விருந்தாளி. பிளாஸ்க்கில் இருந்ததை ஊற்றிக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்து ஆடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டேன்.

பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட்டோம். அங்கே தங்கவில்லை, அவன் உடம்பு தாங்காது. வழியெல்லாம் அடுத்த தடவைக்குக் கூரையை இன்னும் தாழ்த்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

அடுத்த தடவை வரவில்லை. ஆடி மாதம் ஒரு காலையில், காபி கொண்டுபோன அவள் என்னைக் கூப்பிட்ட குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று எங்கள் சந்தில் யாரும் தறி ஓட்டவில்லை. எத்தனையோ வருடம் அந்தச் சத்தத்தைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அது ஓடினால் தேவலை என்றிருந்தது.

வண்டியை விற்கச் சொன்னார்கள். கூடாரத்தை யாருக்காவது கொடுக்கச் சொன்னார்கள். இரண்டையும் செய்யவில்லை, செய்யக்கூடாது என்றும் நினைக்கவில்லை. பேட்டரி இறங்கிவிடக்கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாய்க்கரைக்குப் போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு வருவேன். ஒரு நாள் அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். ஏறி, பின்னால் உட்கார்ந்தாள். எங்கே போவது என்று நானும் கேட்கவில்லை. அலங்காநல்லூர் ரோட்டில் போனேன்.

வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தபோது, சாக்குமூட்டையோடு ஒரு பெண் வந்து ஜன்னலைத் தட்டினாள். "அண்ணே, வண்டி அலங்காநல்லூர் போகுமா? பஸ்ஸ விட்டுட்டேன்."

வாடகை வண்டி என்று நினைத்துவிட்டாள். நான் இல்லை என்று சொல்வதற்குள் என் மனைவி கதவைத் திறந்தாள். "ஏறுங்க. போகும்."

வண்டி கிளம்பியதும் அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். கத்தரிக்காய் விலை, மழை, மகள் வீடு. பிறகு கேட்டாள்: "ஒங்களுக்கு எத்தன பிள்ளைக?"

"ஒரு பையன்" என்றாள் என் மனைவி.

"என்ன செய்றாரு?"

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். வண்டிக்குள் எழுந்து போக இடமில்லை.

"இல்லைங்க. செத்துப்போயிட்டான்" என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயால் அதுவரை நான் கேட்டதில்லை. அந்தப் பெண் அடப்பாவமே என்று சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, "என்ன செஞ்சுச்சு?" என்று மட்டும் கேட்டாள். என் மனைவி சொல்லத் தொடங்கினாள், நாலாம் வகுப்பில் மாடிப்படியில் நின்றதிலிருந்து.

அலங்காநல்லூர் வந்துவிட்டது. என் மனைவியின் பேச்சு இன்னும் ஆஸ்பத்திரி வரைக்கும்கூட வரவில்லை. இறங்க வேண்டியவள் மூட்டையைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.