‘அது’ வளர்ந்த பனிக்காலம்

பனியில் நனைந்த ஸ்வெட்டரின் வாசனை… மார்கழி மாதம் மைசூரில் விடிகாலை பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். ஹெப்பாள் பக்கம் அப்போதெல்லாம் பனி இறங்கினால் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்போம்.

கல்யாணத்துக்கு முன்னால், கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நான் காலர் தைத்துக்கொண்டிருந்த காலம். பக்கத்து மெஷினில் மல்லிகா அக்கா. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூரில் தமிழ் பேசும் விவசாயக் குடும்பம், புருஷனோடு பிழைக்க வந்தவர். வீடும் எங்கள் வரிசையிலேயே. கம்பெனி பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பார். ஏறியதிலிருந்து இறங்கும் வரை வாய் ஓயாது.

ஒரு நாள் அந்த வாய் ஓய்ந்திருந்தது. பனிக்குள் என் கையைப் பிடித்துத் தன் இடது மார்போரம் வைத்தார்.

"இங்க தொட்டுப் பாரு கண்ணு."

புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று விரலுக்கடியில் நழுவியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

"வலிக்குதாக்கா?"

"துளி நோவில்ல. அது பாட்டுக்குக் கெடக்குது. வலிச்சாத்தானே ஆஸ்பத்திரிக்குப் போவோணும்?"

அதற்குப் பெயரே சொல்ல மாட்டார். ‘அது’தான். சத்தமாகச் சொன்னால் அதன் காதில் விழுந்து முழித்துக்கொள்ளும் என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனியில் ஹெல்த் கேம்ப் வந்தது. கேன்டீனில் துணி கட்டி மறைத்து, உள்ளே நர்ஸ் அம்மா. காட்டிவிடுங்கள் என்று அக்காவை நச்சரித்தேன். நானும் கூட வந்து கன்னடத்தில் சொல்கிறேன் என்றதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏன், எனக்குப் பேசத் தெரியாதா? இத்தன வருசமா இந்த ஊர்லதானே குப்ப கொட்டறேன்?"

திரைக்குள் போனவர் போன வேகத்திலேயே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"'கட்டி இதே மேடம்'னேன். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே 'கட்டி இர்பேக்கம்மா, ஒள்ளேது'ன்னுட்டாங்க. கட்டி இருக்கோணுமாம் கண்ணு. நல்லதாம்."

"தொட்டுப் பாத்தாங்களா?"

"பி.பி. பாத்தாங்க. பின்னால அத்தன பேரு நிக்கறாங்க, பாவம்."

எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் பல நாள் கழித்து அக்கா சிரிக்கிறார். மேலே கேட்கத் தோன்றவில்லை.



அன்றிலிருந்து அக்கா ‘அதை’ச் சீராட்ட ஆரம்பித்தார். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அதற்கென்று தனியாக விளக்கெண்ணெய். தைத்துக்கொண்டிருக்கும்போதே கை அங்கே போகும், தூங்கும் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது போல. காலையில் பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும், சந்தோஷமாக…

"இன்னிக்கு இன்னுங் கொஞ்சம் பெருசாயிருக்குது கண்ணு."

பொங்கல் கழிந்து ஒரு காலை. பனிக்குள் திடீரென்று மாடு குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை மிதித்தபடி கத்தினார்.

"எல்லாரூ கட்டியாகி ஹிட்கொளி."

எல்லாரும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கட்டி…

கன்னடத்தில் அப்படியொரு வார்த்தை உண்டு. திடம், தெம்பு என்று அர்த்தம். முதல் எழுத்தை மட்டும் அடித்தொண்டையிலிருந்து சொல்ல வேண்டும். எங்கள் தமிழ் வாயில் இரண்டும் ஒன்றாகவே விழும். அக்கா கட்டி இருக்கிறது என்றார். அந்த நர்ஸ் அம்மாவின் காதில் உடம்பு திடமாக இருக்கிறது என்று விழுந்திருக்கிறது. திடமாகத்தான் இருக்க வேண்டும், நல்லது என்று வாழ்த்தி அனுப்பிவிட்டார். நம் கட்டிக்குக் கன்னடத்தில் ‘கண்ட்டு’; அப்படிச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும்.

திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸே குலுங்குகிறது, அக்கா கம்பியைப் பிடிக்கவில்லை. அவர் கை ‘அதை’த்தான் கெட்டியாகப் பிடித்திருந்தது.

அன்றைக்கே லீவு சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அம்மா "இன்னும் கொஞ்சம் முன்னாடி…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஆபரேஷன், மருந்து, கொட்டிய முடி. அப்புறமும் சில பனிக்காலங்களை அக்கா பார்த்தார். ஊருக்குப் போன பிறகு மாதம் தவறாமல் போன் செய்வார். ஹலோ கூடக் கிடையாது.

"கட்டியா?"

"தமிழ்ல இல்லக்கா, கன்னடத்துல இருக்கேன்."

இதுதான் எங்கள் விளையாட்டு. குளிக்கும்போது நிஜமாகவே தடவிப் பார்த்துவிட்டுத்தான் நான் பதில் சொல்ல வேண்டும். பார்க்காமல் சொன்னால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் ஒரு மார்கழியில் அந்தப் போன் வரவில்லை. அக்கா இல்லாமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இப்போது மைசூரிலேயே விஜயநகரில் வீடு. அந்தக் காலத்துப் பனியெல்லாம் இப்போது கிடையாது. கீசர் வெந்நீரின் ஆவி மட்டும் குளியலறைக் கண்ணாடியை மூடும். என் முகம் மறைந்ததும் "கட்டியா?" என்று கேட்கும். கேட்பது நான்தான் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் அதில் ஹனூர் வாடை அடிக்கும்… தடவிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வேன்.

நேற்று பதில் சொல்ல முடியவில்லை. விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

இதை ஸ்கேன் சென்டர் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எல்லாக் கட்டியும் புற்றுநோயாக இருக்காது என்று எனக்கும் தெரியும். பார்த்துவிட்டு அவர்கள் சொல்லட்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ‘அது’ ‘இது’ என்று மறைக்காமல், இரண்டு பாஷையிலும் பெயரைச் சொல்லி, தொட்டுப் பார்க்கச் சொல்லப்போகிறேன். அன்றைக்கு அக்காவுக்குக் கிடைக்காதது அதுதானே.

ரிசப்ஷன் பெண் இப்போதுதான் கேட்டுவிட்டுப் போனாள்.

"நோவிதெயா மேடம்?"

இல்லம்மா. துளி நோவில்லை. அதனால்தான் வந்திருக்கிறேன்.