லாபத்தில் சத்தம் மாறவில்லை

போன மாதம் என் மகனுடைய காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அவன் ஸ்டீயரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் எதையோ சொருகிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தான். "மூணாவது சிலிண்டர்ல மிஸ்ஸிங்" என்றான். நான் நம்பவில்லை. வண்டியை ஓடவிட்டு, பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, என்ஜின் ஒரு அடி விடுவதை எண்ணிப் பார்த்த பிறகே ஒத்துக்கொண்டேன். எதையும் எண்ணினால்தான் எனக்கு மனசு ஆறும். மாடிப்படி, மாத்திரை, வங்கியில் எனக்கு முன்னால் நிற்கிறவர்கள் எல்லாவற்றையும் எண்ணியாக வேண்டும். இரவில் வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். இரண்டு தடவைதான் இழுத்தேனோ என்று சந்தேகம் வந்துவிட்டால் மறுபடி எழுந்து போவேன். மருமகள் இதை வியாதி என்கிறாள். வியாதி அல்ல, வளர்ப்பு.

அப்பா நெல் வியாபாரி. மண்டியில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ண மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று கணக்கு போகும். மற்ற வியாபாரிகள் அந்தப் பழக்கத்தை மண்டியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அப்பா கையோடு கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீட்டில் தேங்காயும் லாபம், ரெண்டு, மூணுதான். வெளுத்து வந்த வேட்டியும் அப்படித்தான். நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை "ஓர் லாபம் லாபம்" என்று தொடங்கி வாத்தியாரிடம் கொட்டு வாங்கியிருக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதில் வீட்டில் ஒரு பழைய கறுப்புக் கார் நின்றது. நாலு சிலிண்டர். அந்த வருஷம்தான் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, ஏரலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் காரை அனுப்பி மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் பார்க்க அழைத்துவருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பார்த்துவிட்டால் அன்றைக்கே நிச்சயம் பண்ணிவிடுவது என்று பேச்சு. எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து ஏரல் போய்வரலாம் என்று ஒரே கொண்டாட்டம். அத்தைக்கு அப்படி இல்லை போலிருந்தது. அந்த வாரம் அவள் ஊற்றிய தோசைகளில் பாதி கருகியிருந்தன.

புதன்கிழமை ஜங்ஷனிலிருந்து திரும்பிய கார், குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி உதறிக்கொண்டே வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தது. மூன்று அடி அடித்து ஒரு அடி விட்டது. நான் எண்ணிச் சொன்னேன். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு ராத்திரி தோசை எதுவும் கருகவில்லை.

அம்மா தன் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள். என் மாமா அப்போது அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மில்லில் ஃபிட்டர். மறுநாள் முதல் பஸ்சிலேயே வந்து இறங்கினார். அப்பா அவரிடம் காரை ஒப்படைத்து, சாயங்காலத்துக்குள் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போனார்.

மாமா எனக்கு விஷயத்தை விளக்கினார். சிலிண்டருக்கு ஒரு பிளக். அதில் பொறி விழுந்தால்தான் உள்ளே போன பெட்ரோல் எரியும். என்ஜின் ஓடும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். வேலை செய்கிற சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் சத்தம் இறங்கும், உதறல் கூடும். வேலை செய்யாததைக் கழற்றினால் சத்தம் மாறாது. சும்மா கிடக்கிறவனை வேலையை விட்டு நிறுத்தினால் யாருக்கு என்ன தெரியப் போகிறது என்றார்.

என்ஜின் நின்றுவிடாமல் இருக்க ஒருவர் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். வேறு ஆளில்லை என்று அம்மாதான் அத்தையைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள். மாமா ஒரு மரப்பலகை மேல் நின்று, ஷாக் அடிக்காமல் கையில் காய்ந்த துணியைச் சுற்றிக்கொண்டார். எண்ணுவது என் பொறுப்பு.

முதல் ஒயரைக் கழற்றினார். "லாபம்" என்றேன். சத்தம் இறங்கியது.

"யாருக்குன்னு உங்க அத்தைட்ட கேளுடே" என்றார் மாமா.

போய்க் கேட்டேன். அத்தை ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே, "ஏரலுக்குப் போற வண்டிய ரிப்பேர் பாக்கதுல அவுகளுக்கு என்ன லாபம்னு நீ கேளு" என்றாள்.

அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மாமா கழற்றிய ஒயரைத் திரும்ப மாட்ட மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கார் பாவம், இரண்டு சிலிண்டரில் உதறிக்கொண்டிருந்தது.

இப்படியே ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்ல நான் பானட்டுக்கும் கதவுக்கும் நடந்தேன். என்ஜின் சத்தத்தில் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தேன். என்ஜினை நிறுத்திய பிறகும் என்னையே நடக்கவிட்டதால், இரண்டு பேருக்குமே காது கொஞ்சம் மந்தம் என்று முடிவு செய்தேன்.

இரண்டிலும் நாலிலும் சத்தம் இறங்கியது. மூன்றில் மாறவே இல்லை. மாமா என்ஜினை நிறுத்தச் சொல்லி, மூன்றாவது பிளக்கைக் கழற்றி இரண்டாவதில் போட்டார். இரண்டாவதைக் கழற்றி மூன்றில் போட்டார். மறுபடி ஓடவிட்டு எண்ணினோம். இப்போது மூன்றாவது சிலிண்டர் ஒழுங்காக வேலை செய்தது, இரண்டாவது படுத்துவிட்டது. கோளாறு பிளக்கோடு கூடவே நகர்ந்ததால், குற்றம் ஒயரிலும் இல்லை, சிலிண்டரிலும் இல்லை, பிளக்கில்தான். கழற்றிப் பார்த்தால் அதன் பீங்கானில் மயிரிழை போல ஒரு விரிசல்.

கண்டுபிடித்தாயிற்று. சைக்கிளில் ஜங்ஷனுக்குப் போய் ஒரு புது பிளக் வாங்கி வந்தால் வேலை முடிந்தது. நான் அதைச் சொன்னேன். மாமா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, பிளக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தை காரைவிட்டு இறங்காமல் ஹாரனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் தூசி இல்லை.

அம்மா மோர் கொண்டுவந்தாள். தம்பியைப் பார்த்தாள், காருக்குள் பார்த்தாள். கோளாறு எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். இரண்டாவது சிலிண்டரில் என்றேன்.

"சாயங்காலம் உங்க அத்தான் தானா எண்ணிப் பாத்தாத்தான் நம்புவாக" என்று அம்மா மாமாவிடம் சொன்னாள். "அவுக எப்படி எண்ணுவாகன்னு ஒனக்குத் தெரியும்லா?"

சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமா எழுந்தார். கெட்ட பிளக்கை முதலாவது சிலிண்டரில் போட்டு, முதலாவதில் இருந்த நல்ல பிளக்கை இரண்டாவதில் போட்டு முறுக்கினார். எனக்குச் சலித்துப் போயிற்று. கண்டுபிடித்த கோளாறைத் தூக்கி எறியாமல் வீடு வீடாகக் குடிமாற்றிக்கொண்டிருக்கிற ஆளை மில்லில் எப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

விளக்கேற்றுவதற்கு முன் அப்பா வந்தார். டிரைவர் சீட்டில் அவரே உட்கார்ந்து என்ஜினை எழுப்பினார். மாமா கழற்ற, அப்பா எண்ணினார்.

"லாபம்."

சத்தம் மாறவில்லை. ரெண்டு, மூணு, நாலு. இந்த மூன்றிலும் சத்தம் இறங்கி ஏறியது.

"எதுல அத்தான் ஒண்ணும் இல்ல?" என்று மாமா கேட்டார். கேட்டபோது அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"லாபத்துலதாம்வே ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. வாய் திறந்தபடியே நின்றது. என்ஜினை அணைத்தார்.  விடிந்தால் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர வண்டி கிளம்ப வேண்டும். தன் வாயாலேயே இப்படிச் சொல்லிவிட்டார்.

"புது பிளக் போட்டா சரியாயிரும் அத்தான். இப்பவே போய் வாங்கியாரட்டுமா?" என்றார் மாமா. 

"வண்டி சரியாயிரும்வே மாப்ளே. சொன்ன சொல்லு சரியாவுமா?"

எனக்கு ஏரல் பயணம் கைவிட்டுப் போவது தெரிந்துவிட்டது. பொறுக்க முடியாமல் முன்னால் போய், காலையில் கோளாறு லாபத்தில் இல்லை, மூன்றில்தான் இருந்தது, நான் எண்ணினேன் என்று சொன்னேன். மாமா மடித்த துணியை மறுபடி பிரித்தார். வீட்டுக் கதவுக்குப் பின்னால் அத்தையின் வளையல் ஒரு தரம் குலுங்கி நின்றது.

"மூணுலயாலே இருந்தது?"

"ஆமாப்பா. அப்புறம் ரெண்டுக்கு வந்துட்டு. இப்பம் லாபத்துக்கு."

அதை மாமாதான் நகர்த்தினார் என்று அடுத்துச் சொல்வதற்குள் அப்பா கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டார். காரிலிருந்து மெல்ல இறங்கி அம்மாவிடம், "கேட்டியா? காலையில இருந்து கோளாறு நாள் முழுக்க லாபத்தைத் தேடில்லா நடந்து வந்திருக்கு" என்றார்.

அம்மா மெதுவாகத் தலையை ஆட்டினாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

விடிந்ததும் மண்டி ஆள் ஒருவர் முதல் பஸ்சில் ஏரலுக்குப் போய், வண்டிக்குச் சுகமில்லை, பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்களும் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். மாமா வெள்ளிக்கிழமை காலையில் புது பிளக் வாங்கிவந்து, நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் போட்டு முடித்தார்.

ஐப்பசி மழை தொடங்கியபோது அம்மா அத்தைக்குத் தன் தம்பியின் பேச்சை எடுத்தாள். அப்பா காரை ஓடவிட்டு, என்னை மிதிக்கச் சொல்லி, தானே பலகை மேல் நின்று ஒயர்களைக் கழற்றி எண்ணினார். லாபத்தில் சத்தம் நன்றாக இறங்கி ஏறியது. ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு, சரி என்றார்.

தை மாதம் கல்யாணம். அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே கவலைதான். அத்தையைக் கட்டிக்கொண்டவரை இனிமேல் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? அம்மாவிடம் கேட்டேன். மாமா என்றுதான் என்றாள். அம்மாவின் தம்பி என்பதால் நேற்றுவரை மாமா. அத்தையின் வீட்டுக்காரர் என்பதால் இன்று முதலும் மாமா. எனக்குப் பெரிய நிம்மதி. மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. பந்தலில் உட்கார்ந்து வாழைக்குலையில் சீப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எதுவுமே மாறாத ஒரு காரியத்துக்கு அத்தை ஏன் அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.