கிராணியின் பைப்

புக்கிட் செலம்பாவ் ஊரில், என் வீட்டிலேயே பழைய புகையிலைப் பைப்புகளைப் புதுப்பித்துக் கொடுக்கிறேன். போன வாரம் ஒருவர் பிரையர் மரத்து பைப் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"எங்கப்பாவோடது, அக்கா. செர்டாங் எஸ்டேட்ல கணக்கெழுதுற பெரிய கிராணியா இருந்தாரு. பாலிஷ் மட்டும் போடுங்க லா. அவர் பல் தடம், வாசனை ரெண்டும் அப்படியே இருக்கட்டும்."

நான் வளர்ந்த எஸ்டேட் அது. அவர் போனதும் பைப்பை முகர்ந்தேன். கருகிய வெல்லம்போல ஒரு வாசனை.

அப்போது எனக்கு எட்டு வயது. ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை வரிசையில் அம்மாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முதல்நாள் அம்மா கிராணியை எதிர்த்துப் பேசியிருந்தாள். அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்து, எல்லாரும் பார்க்க, அம்மாவின் வாளிக்குள் சாம்பலைத் தட்டினார்.

"அழுக்குப் பால். கொட்டிடு."

விடியலிலிருந்து மரப்பட்டை வெட்டிச் சேர்த்த ரப்பர் பாலை அம்மா சாக்கடையில் கொட்டினாள். அழவில்லை. வீடு வரும்வரை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பைப்புக்குள் உப்பும் ஸ்பிரிட்டும் நிரப்பி இரண்டு நாள் ஊறவிட்டேன். பல் தடம் மறையும்வரை வாய்முனையை உப்புத்தாளால் தேய்த்தேன்.

நேற்று கிராணியின் மகன் வந்து முகர்ந்து பார்த்தார். "அப்பா வாசனையே இல்லையே, அக்கா?"

"புதுசு மாதிரி ஆயிடுச்சு, தம்பி."

அவர் கண் கலங்கியது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மத்தியானம் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.