எரியாத கால்

உப்பளத்தில் பாத்தியில் இறங்குகிற எல்லோருக்கும் கால் வெடிக்கும். வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். எனக்கு மட்டும் இடது கால் எரியவே எரியாது. அதில் எனக்குத் தனித் திமிர். "என் காலுக்கு உப்பு பழகிப்போச்சுடி" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பீற்றிக்கொள்வேன்.

தோல் நோய் பரிசோதனைக்கு எங்கள் தெருவுக்கு வந்த நர்சம்மாவிடமும் அதையே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கணுக்காலுக்கு மேலே நான் தேமல் என்று விட்டிருந்த வெளிறிய இடத்தைப் பார்த்தார். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் தொட்டார். "எங்க தொடுறேன், சொல்லும்மா" என்றார். அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை.

தொழுநோயாக இருக்கலாம் என்றதும் எரிந்து விழுந்தேன். "எங்க வீட்ல யாருக்கும் அதெல்லாம் கெடையாது. கெளம்புங்க."

மறுநாளும் வந்தார். ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஆறு மாதம் மாத்திரை. வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் நோய் வராமலிருக்க ஒரே ஒரு வேளை மருந்து. பூட்ஸ் போடாமல் பாத்தியில் இறங்கினால் திட்டினார். தினமும் காலைக் கழுவி, காயம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கச் சொன்னார்.

மாத்திரையெல்லாம் முடிந்த பிறகு, ஒரு காலையில் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. இடது குதிகாலில் சுரீரென்றது. வரப்பிலேயே உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டேன்.

"நர்சம்மா, எரியுதுங்க!"

அன்றைக்குத்தான் அவர் சிரித்துக் கேட்டேன்.