வெட்டிப்போட்ட திக்கல்

எனக்குத் திக்குவாய். நேரில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பெருமாள்மலைக்கு ஒரு பஸ் வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு, போயே போய்விடும். எழுத்தில் பாருங்கள், இரண்டே சொல்லில் முடிந்துவிட்டது.

பெண் பார்க்கப் போன அன்றைக்கே என் வண்டவாளம் தெரிந்துபோயிற்று. மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று மாமனார் கேட்டார். நான் "ஜெ... ஜெ..." என்று நின்றேன். காபித் தட்டோடு வந்தவள், "ஜெராக்ஸ் கடைப்பா. பெருமாள்மலை முக்குல இருக்குல்ல, அதுதான்" என்று முடித்துவைத்தாள். அன்றைக்கு ஆரம்பித்தவள் இன்றுவரை நிறுத்தவில்லை. நான் "சா" என்றால், "சாவிதானங்க? ஆணியில தொங்குது பாருங்க" என்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சல். ஒரே ஒரு வாக்கியத்தையாவது அவளிடம் நானே முடித்துவிட வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

இப்படிப்பட்ட என்னிடம்தான், மொழிகளின் தாளத்தை அளக்கிறேன் என்று ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் போன வருடம் வந்து சேர்ந்தார். தமிழர், மலையைச் சுற்றிப்பார்க்க வரும் இங்கிலீஷ்காரர், பிரெஞ்சுக்காரர் எல்லாரையும் "இன்று காலை என்ன செய்தீர்கள்" என்று பேசவைத்துப் பதிவு செய்வார். உயிரொலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கடைக் கம்ப்யூட்டரில் கோடு போடுவது அவர் எனக்குக் கொடுத்த வேலை. இங்கிலீஷ்காரர் ஓர் அசையை இழுப்பார், அடுத்த இரண்டை விழுங்குவார். பிரெஞ்சுக்காரர் பந்தியில் பரிமாறுவதுபோல எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வைப்பார். நம்ம கவுஞ்சி கிராமத்து விவசாயியோ மைக்கைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!" என்று ஆரம்பித்துவிட்டார். அவர் பேச்சைக் காலையில் வேலை பார்த்த பூண்டுக் காட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் எங்களுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

கடைசி நாள், மலைமேல் இருக்கும் போளூரிலிருந்து பேச வரவேண்டியவர், "பீன்ஸ் லோடு ஏத்துற சோலி கெடக்குங்க" என்று போனில் கையை விரித்துவிட்டார். ஆராய்ச்சிக்காரர் என்னைப் பார்த்தார்.

"நீங்களே பேசுங்களேன்."

"நா... நானா? தா... தாளமே இல்லாத ஆளும்மா நான்."

"நிறுத்தம், திக்கல் எல்லாத்தையும் யாருக்குமே வெட்டிட்டுத்தானே அளக்குறோம்? பேசுங்க, பாத்துக்கலாம்."

பேசினேன். அந்த மலைக் குளிரிலும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. பிறகு என் திக்கலை நானே உட்கார்ந்து வெட்டினேன். அளந்து பார்த்தால், வரைபடத்தில் என் புள்ளி மற்ற தமிழர்களின் புள்ளிகளுக்கு நடுவே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வெட்டிய பதிவைப் போட்டுக் கேட்டேன். யாரோ ஒருவர் என் குரலில் தங்குதடையில்லாமல் பேசிக்கொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

வெட்டியது, வெட்டாதது இரண்டையும் போனில் ஏற்றிக்கொண்டு, கடையை வெரசாகச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வெட்டியதைப் போட்டேன். நாலு சொல்தான் கேட்டிருப்பாள்.

"நிறுத்துங்க. யாரு இந்த ஆளு?"

"நா... நான்தான்."

"நல்லாத்தான் பேசுறாரு. ஆனா இவருகூட எப்படிங்க குடும்பம் நடத்துறது? நான் உள்ள பூந்து பேச எடமே இல்லையே!"

என் முகம் தொங்கிப்போயிற்று. அதைப் பார்த்துவிட்டு, "சரி சரி, வெட்டாததப் போடுங்க" என்றாள்.

போட்டேன். "வெள்ளனே எந்திரிச்சு க... க..."

"கதவத் தொறந்தாரு" என்றாள் போனிடம். சரி.

"பா... பா..."

"பால் வாங்குனாரு." அதுவும் சரி. போனுக்குள் இருப்பவனைக்கூட விடமாட்டாள் போலிருக்கிறது.

"திரும்பி வந்து பாத்தா, வீ... வீ..."

"வீடு கெடந்த கெடப்ப!"

"...வீட்டுக்காரி தூங்குறா. ராத்திரியெல்லாம் இருமுனவ. எழுப்ப எனக்கு மனசு வரல."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. போன் அடுத்த சொல்லில் மாட்டிக்கொண்டு "டீ... டீ..." என்று தவித்தது. அந்த டீயைக் குடித்தவளே அவள்தான். அடுத்த சொல் தெரியாமலா இருக்கும்? ஆனால் வாயைத் திறக்கவில்லை. கண் கலங்க, போனையே பார்த்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"...டீயப் போட்டு, அவ தலமாட்டுல மூடி வச்சேன்" என்று போனுக்குள் நானே முடித்தேன்.