மாதா காட்டித் தந்த பிரேக் கோளாறு

போன சித்திரையில் மோர்னிங்சைட் சந்தியில் என் கார் நிற்க மறுத்தது. சிவப்பு விளக்கு. பிரேக்கை மிதித்தால் கல்லை மிதித்தது போல. இரண்டு காலாலும் ஏறி மிதித்துத்தான் நிறுத்தினேன். குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு போன பெண்ணுக்கும் காருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

செபமாலைக் குழுவினரே, நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்து அவ்வளவாக வராது. ஆனாலும் மாதா செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அது என்னைவிட ஐந்து வயது மூத்த, எட்டு சிலிண்டர்க் கார். நானும் மகள் ஸ்ரெபியும் சேர்ந்து திருத்தி எடுத்தது. ஆனியில் பிக்கரிங்கில் நடக்கும் பழைய கார்ச் சந்திப்புக்குத் தானே ஓட்டிப்போக அவள் காத்திருந்தாள். நானோ கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பிப் பார்க்கிறவன். பிரேக் பிடிக்காத காரில் பிள்ளையை எப்படி அனுப்புவேன்?

பிரேக் கட்டைகளை மாற்றினேன். பிரேக் எண்ணெய் சிலிண்டரை மாற்றினேன். மிதிக்கு வலுக்கொடுக்கும் பூஸ்டரையும் புதிதாகப் போட்டேன். எஞ்சினை நிறுத்தி, நாலைந்து தரம் மிதித்து, காலை எடுக்காமல் திரும்ப எஞ்சினைப் போட்டால், பூஸ்டர் வேலை செய்கிறதென்றால், மிதி சற்றுக் கீழே இறங்கவேண்டும். இறங்கவில்லை.

"வித்துத் துலையுங்கோ. நிம்மதியாச் சாப்பிடவாவது செய்வியள்," என்றாள் மனைவி றீற்றா.

வைகாசி, மாதாவின் வணக்கமாதம். வீடு வீடாக வரும் செபமாலை அந்தச் செவ்வாய் மல்வேர்னில் எங்கள் வீட்டுக்கு வந்தது. "தாயே, திருத்தித் தரவேண்டாம். பிழை எங்கே என்று காட்டினால் போதும்," என்று அழுதேன்.

செபம் முடிய எல்லோருக்கும் ஜூஸ் பெட்டி கொடுத்தோம். குழுவில் பாட்டுத் தொடங்கும் செல்வி அன்ரி ஜூஸ் உறிஞ்சும் கடதாசி ஸ்ரோவோடு மல்லுக்கட்டினார்.

"இதென்ன கோதாரி! உறிஞ்ச ஒட்டிப்போகுது, விட்டா நிமிருது. தம்பி, இது தாகத்துக்குத் தந்ததோ, தவத்துக்குத் தந்ததோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர் கையிலிருந்த ஸ்ரோவையே பார்த்தேன். எஞ்சின் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சுவதால்தானே பூஸ்டர் வேலை செய்கிறது!

வெளியே ஓடினேன். "ஸ்ரெபி, எஞ்சினைப் போடு!"

பொனற்றைத் திறந்து குனிந்தேன். குழாய் வளைவில் தட்டையாக ஒட்டிக் கிடந்தது. நிறுத்தச் சொன்னேன். மெல்ல உருண்டு பழையபடி வந்தது. மாரியில் நானே மாட்டிய, தண்ணீருக்கான மெல்லிய குழாய்.

"அப்பா, நீங்கள் எப்பவும் எஞ்சினை ஓஃப் பண்ணிப்போட்டுத்தானே பாப்பீங்கள்," என்றாள் ஸ்ரெபி.

"ஓம் பிள்ளை. விசிறியில கை படும் எண்ட பயம்."

என் பயமே பிழையை மறைத்து வைத்திருந்தது. மறுநாள் உறிஞ்சலைத் தாங்கும் தடித்த குழாய் போட்டேன். எஞ்சினைப் போட்டதும் மிதி காலுக்குக் கீழே மெல்ல இறங்கியது. தெருவில் ஓட்டிப் பார்த்தேன். தொட்ட இடத்தில் நின்றது. "மாதாவே!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

பிக்கரிங்குக்கு ஸ்ரெபி ஓட்டினாள். நான் பக்கத்தில் இருந்தேன். சந்திப்பு முடிந்ததும், "அப்பா, திரும்பி நான் தனியப் போகட்டே?" என்றாள். "போயிட்டு வா," என்றேன். நான்தான் சொன்னேன்! அன்று ரயிலில் வீடு வந்தேன். வழியில் ஒருதரம்கூட அவளுக்கு போன் எடுக்கவில்லை.

பயத்தில் கிடக்கிற சகோதரங்களே, பெரிதாகச் செபிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் பார்க்கத் துணியாத இடத்தைக் காட்டும்படி கேளுங்கள். அந்தத் தாய் கேட்டால் அவர் மகனான ஆண்டவர் மறுக்கமாட்டார். காட்டினால் குனிந்து பாருங்கள். அவ்வளவுதான் நம் வேலை.